பொருத்தம்

எர்மான்ஸுக்கு வேலை பொருத்தம் பார்ப்பது.
எப்பெர்னே நகரில், பதினொரு மேசை உணவகத்தில்
எந்தத் தட்டுக்கு எந்த ஷாம்பெயின் என்று
சின்ன அட்டைகளில் பச்சை மையால் எழுதுவாள்.

சிப்பிக்கு, வெள்ளைத் திராட்சை மட்டும் பிழிந்தது.
வாத்துக்கு ரோஸே.
காளானுக்கு, ஏழு வருடம் இருட்டில் படுத்து
ரொட்டி வாசம் பிடித்த கிழம்.
கல்யாண கேக்குக்கு மட்டும் வேண்டாம் என்பாள்.
சர்க்கரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால்
எப்பேர்ப்பட்ட குடும்பத்து பாட்டிலும் காடிதான்.
யார் கேட்கிறார்கள்?
சனிக்கிழமைதோறும் வெட்டுகிறார்கள்,
குடிக்கிறார்கள்,
மூக்கைச் சுளித்துக்கொண்டே
அருமை என்கிறார்கள்.

அவள் வீட்டு நிலவறையிலேயே
முந்நூறு பாட்டில் வரன் அமையாமல் கிடந்தது.
பனியில் பாதித் தோட்டம் கருகிய வருடம்
மிஞ்சியதைப் பிழிந்து அனிசே செய்தது.
வாயில் வைத்தால் பல் கூசும்.
அவளும் பார்க்காத இடமில்லை.
சிப்பியோடு வைத்தாள்: ஆணியைச் சப்பியதுபோல.
க்ரீமில் வெந்த கோழியோடு: கோழி தோற்றது.
ஷவூர்ஸ் பாலாடைக்கட்டியோடு:
ரெண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.
"விடு," என்றான் அனிசே,
"கட்டைப் பிரம்மச்சாரியாகவே போகட்டும்."

ஏப்ரல். இரவு ரெண்டேமுக்கால்.
தோட்டத்து வெப்பமானி கைபேசியில் அலறியது.
சுழியத்துக்குக் கீழே மூன்று.
துளிர் கண் திறந்து ஆறே நாள்.
பைஜாமாவின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.
டின் டின்னாக மெழுகு, வரிசை வரிசையாக,
நானூறு திரி.
பக்கத்துத் தோட்டத்து ரொமாரிக் வந்தான்,
அவன் மகள் பிளாந்தின் வந்தாள்,
எட்டு வருடமாக வரப்புத் தகராறில்
பேச்சு நின்றுபோன வில்மே கூட
தீப்பெட்டியோடு வந்து நின்றான்.
சரிவெல்லாம் சுடர்.
தூரத்திலிருந்து பார்த்தவர்கள் படமெடுத்தார்கள்,
அழகாம்.

விடிவதுதான் ஆபத்து.
உறைந்த துளிர்மேல் வெயில் நேரே பட்டால் தீய்ந்துவிடும்.
ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை மூட்டினார்கள்,
சூரியனைக் கொஞ்சம் தாமதிக்கச் சொல்லி.

ஏழு மணிக்கு, செய்ய எதுவும் மிச்சமில்லை.
எது பிழைத்தது எது போனது
நாலு நாள் கழியாமல் தெரியாது.
எர்மான்ஸ் வீட்டுக்குப் போனாள்.
அடுப்படியில் உருளைக்கிழங்குதான் இருந்தது.
விரல் விரலாக நறுக்கிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டாள்.
விறைத்த கைக்கு அளவு தெரியவில்லை;
உப்பு ஒரு பிடி கூடுதலாக விழுந்தது.
நிலவறையில் கைக்கு அகப்பட்டது அந்தப் பிரம்மச்சாரி.

டிராக்டர் பலகைமேல் செய்தித்தாளில் கிழங்கு.
காப்பிக் குவளைகளில் ஷாம்பெயின்.
முகமெல்லாம் கரி, கையெல்லாம் மெழுகு நாற்றம்.
பிளாந்தின்தான் முதலில் நிறுத்தினாள், மென்றுகொண்டே:
"இது என்ன பாட்டில்?"

உப்பை அது துரத்திக்கொண்டு போனது.
எண்ணெயை வழித்தெடுத்தது.
பல் கூசவில்லை, நாக்கு இன்னும் கேட்டது.
ஒரு வாய் கிழங்கு, ஒரு மிடறு,
மறுபடி கிழங்கு.
வில்மே குவளையை நீட்டினான்.
அனிசே ஊற்றினான். வரப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.
வரப்பு அங்கேயேதான் இருந்தது.

எர்மான்ஸுக்குச் சின்ன எரிச்சல்,
மூன்று வருடம், பதினான்கு தட்டு,
உப்பு என்று தோன்றவேயில்லையே.
இல்லை, உப்பு மட்டும்தானா?
பசி எத்தனை சிட்டிகை, புகை எத்தனை,
மைனஸ் மூன்றை எந்த மேசையில் பரிமாறுவது?

நாலாம் நாள் எண்ணினார்கள்.
பத்துக்கு நாலு.

அந்த வாரமே உணவகத்துக்கு
இருபத்துநாலு பாட்டில் கொண்டுபோனாள்.
அட்டையில் பச்சை மையால் எழுதினாள்:
பொரித்த உருளைக்கிழங்கு, உப்பு கூடுதலாக.
முதலாளி தெப்ரே கண்ணாடியை இறக்கிப் படித்தார்.
அடித்துவிட்டு எழுதினார்:
டர்போ மீன், எலுமிச்சை வெண்ணெய்.
விலை அறுபத்தெட்டு யூரோ.